சனி எங்கே இருக்கிறான்?

பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்குக் கிரகங்கள் அந்நியர்கள் அல்ல. சூரியன் ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சந்திரன் திருவையாற்றுக்குக் கிழக்கே திங்களூரில். செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன் கோயில், புதனுக்குத் திருவெண்காடு, குருவுக்கு ஆலங்குடி, சுக்கிரனுக்குக் கஞ்சனூர். ராகு திருநாகேஸ்வரத்திலும் கேது பூம்புகாருக்கு அருகே கீழப்பெரும்பள்ளத்திலும் குடியிருக்கிறார்கள். சனி மட்டும் கொஞ்சம் தள்ளி, காரைக்காலை ஒட்டித் திருநள்ளாற்றில், புதுச்சேரி அரசின் எல்லைக்குள் இருக்கிறார். கும்பகோணத்தில் விடியற்காலையில் பஸ் ஏறினால் இரவு சாப்பாட்டுக்குள் சூரிய மண்டலத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். இந்த வசதி உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்களுக்கும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரையாவது நிறுத்தி, "சனி இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். கும்பத்தில் என்பார், அல்லது மீனத்தில் என்பார். வக்கிரமா, நிவர்த்தியா என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் வானத்தைப் பார்த்து, "அதோ, அந்த மஞ்சள் வெளிச்சம்" என்று விரல் நீட்டுகிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். இத்தனைக்கும் சனி ஒளிந்து வாழும் கிரகம் அல்ல. வருஷத்தில் பத்து மாதத்துக்குக் குறையாமல் இரவின் ஏதாவது ஒரு ஜாமத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும். நட்சத்திரங்கள் கண்சிமிட்டும்; அது சிமிட்டாமல் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பார்க்காமல் நம்புவது எங்கள் ஊருக்குப் புதிது அல்ல. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று சொல்லாத ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து உல்லாசப் பயணிகள் வரை சொல்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பிராகாரத்தில், விமானத்தின் நீண்ட நிழலிலேயே பாயைப் போல இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, நிழல் விழாத அதிசயத்தைப் பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். அந்த நாட்களின் நண்பகலில் கோயிலுக்கும் நிழல் இராது, கோயிலைப் பார்க்க வந்தவருக்கும் இராது. மற்ற வேளைகளில் சுமார் 66 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் நிழல் எங்கே போய்விடும்? தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

நிழல் விஷயத்தில் நஷ்டம் யாருக்கும் இல்லை. சனி விஷயம் அப்படி அல்ல.

முதலில் அந்த ஏழரை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சனி சூரியனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தொலைவில் ஓடுகிற கிரகத்துக்குப் பாதையும் நீளம், வேகமும் குறைவு. ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. கண்ணால் பார்க்கத் தெரிந்த எல்லாக் கிரகங்களிலும் அதுதான் மெதுவானது. மந்தன் என்றும், மெல்ல நடக்கிறவன் என்ற பொருளில் சனைச்சரன் என்றும் பெயர் வைத்தவர்கள் அதை வானத்தில் பல தலைமுறை பார்த்திருக்க வேண்டும். பாதையைப் பன்னிரண்டு ராசியாகப் பிரித்தால் ஒரு ராசிக்குச் சுமார் 2½ வருஷம். ஜன்ம ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என்று மூன்று ராசிக்கு 7½ வருஷம். ஆகவே ஏழரை என்பது பயத்தின் அளவல்ல. ஒரு கிரகத்தின் நடைவேகம். சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே இருந்திருந்தால் நம் கஷ்டகாலம் மூன்று வருஷத்தில் முடிந்திருக்கும்!

இனி என் வீட்டுக் கதை. என் அக்காவின் மகள் ஒருத்தி கும்பகோணத்துப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தனுசு ராசி. 2023-ஆம் வருஷம் தை மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, பெண்ணுக்கும் அப்படியே. அப்போது அவளுக்கு வயது 29. ஜாதகம் கை மாறியது.

எங்கள் அக்கா வீட்டில் பார்ப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதன்படி 2023 ஜனவரி 17-ஆம் தேதி சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போயாகிவிட்டது. தனுசு ராசிக்கு ஏழரை தீர்ந்தது. பையன் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி சனி இன்னும் மகரத்திலேயே இருந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி வரை நகரப் போவதில்லை. திருநள்ளாற்றுக் கோயிலிலும் பெயர்ச்சி வாக்கியப்படிதான். "பெண்ணுக்கு ஏழரை முடியட்டும், மார்கழி தாண்டிப் பேசிக்கொள்ளலாம்" என்று மிக மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள். மார்கழி வருவதற்குள் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமே ஆகிவிட்டது.

செய்தி வந்த அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. பெண் மட்டும் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"மாமா, நெசமாவே சனி இப்ப எங்கே இருக்கு?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏண்டி, அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"எனக்கு வந்த இடத்தைத் தடுத்தது யாருன்னு ஒரு தடவை பார்க்க வேண்டாமாம்மா?"

சனி அந்த மாதத்தில் சூரியனுக்கு அண்டையில் நின்று, அதனோடு உதித்து அதனோடு அஸ்தமித்துக்கொண்டிருந்தது. "ஆவணி வரைக்கும் பொறு, காட்டுகிறேன்" என்றேன். அவள் கேள்விக்கு இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் ஜில்லாவின் பழைய கதை ஒன்றுக்குள் போக வேண்டும்.

1760-இல் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6-ஆம் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து போகும். அதை அளந்தால் சூரியன் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அவர் வந்து சேருவதற்குள் இங்கிலீஷ்காரர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்ததில் உபயோகமில்லை. அடுத்த தடவை 1769-இல் என்பதால் மனிதர் ஊருக்கே திரும்பாமல் எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் 4-ஆம் தேதி காலை பாண்டிச்சேரியில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. 1771-இல் பிரான்ஸுக்குத் திரும்பியபோது அவர் செத்துப்போனதாகக் கருதி அகாடமியில் அவருடைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஏழரைச் சனி என்றால் இதுதான் என்று நம்மவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. காத்திருந்த நாட்களில் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். அந்த வாய்பாடுகளை ஐரோப்பியர்கள் 'திர்வலூர்' வாய்பாடு என்று அழைத்தார்கள். எடின்பரோவில் பேராசிரியராக இருந்த பிளேஃபேர் அது எந்த ஊர் என்றும் எழுதிவைத்தார்: நாகப்பட்டினத்துக்கு மேற்கே சுமார் 12 மைலில் உள்ள ஒரு சிற்றூர். வேறு எது? நம் திருவாரூர்தான். கி.மு. 3102-இல் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாளை எண்ணும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. பின்னால் பாரிஸ் நகரத்தின் முதல் மேயராகி, 1793-இல் கில்லட்டினுக்குத் தலை கொடுத்த பாயி என்ற வானசாஸ்திரி, ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ வானத்தை அளந்துதான் இதைச் செய்திருக்க வேண்டும் என்றார். லாப்லாஸ் என்ற மகா கணிதர், இல்லை, பிற்காலத்தில் பின்னோக்கிக் கணக்கிட்ட ஆரம்பம் அது என்றார். இன்றைய தீர்ப்பு லாப்லாஸ் பக்கம். எப்படியானாலும் கமலாலயக் குளத்து ஊரின் பெயரைச் சொல்லிப் பாரிஸிலும் எடின்பரோவிலும் வாதாடினார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதிச் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கின் பிழை 41 விநாடி. ஐரோப்பாவில் அப்போது மிகச் சிறந்ததாக மதிக்கப்பட்ட மேயரின் பட்டியலில் பிழை 68 விநாடி. இவ்வளவுக்கும் நம்மவர் கையில் தூரதர்சினியும் இல்லை, காகிதமும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார்கள்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். 'கவி' என்றால் கவிஞர் அல்ல. க ஒன்று, வ நான்கு, வலமிருந்து படித்தால் 41. இப்படிச் சின்னச் சின்னச் சொற்றொடர்களில் கிரகம் நிற்கும் இடத்தை அடைத்துவைத்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்துவிட்டுப் போய் மறுபடி அருகில் வர 27½ நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. ஒன்பது சுற்றுப் போனால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். பிறகு முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். இந்த முறையை விளக்கும் 'வாக்கிய கரணம்' என்ற நூல் சுமார் 1300-இல் நம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அதைச் சென்னையில் பதிப்பித்தார்கள். ஒரு தேசத்தின் வானசாஸ்திரத்தைக் குழந்தைகள் ஒப்பிக்கிற பாட்டாக்கி வைத்த சாமர்த்தியத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

ஆனால் பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. மனப்பாடம் ஆகிவிட்டால் அர்த்தம் தேவையில்லை. சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த வாரன் என்ற துரை, பாண்டிச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டு, 1825 மே 31-ஆம் தேதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவரும் சோழிகளை நகர்த்திச் சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் பிழை 4 நிமிஷம். நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். பல நூற்றாண்டுக்கு முந்திய வாய்பாட்டை வைத்து இவ்வளவு கிட்டத்தில் வந்ததை மெச்சுவதா, 52 நிமிஷம் தவறியதைக் குறை சொல்வதா? வாரன் இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவதாக ஒன்றையும் எழுதினார்: அந்த மனிதருக்கு ஞாபகசக்தி அபாரம், ஆனால் சாஸ்திரத்தின் உட்பொருள் அவருக்குத் தெரியாது. அவர் அன்றிரவு வெளியே வந்து கிரகணம் எப்போது விட்டது என்று பார்த்தாரா? பார்த்திருந்தால் 52 நிமிஷம் அவரை உறுத்தியிருக்கும்.

பழைய ஆட்கள் அப்படி இருக்கவில்லை என்பதுதான் விசேஷம். கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் பரமேஸ்வரன் என்பவர் 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கு பிசகுகிறது என்று கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' என்று புதுக் கணக்குச் செய்தார். திருக் என்றால் இங்கே ஸ்ரீ அல்ல, பார்வை. கண்ணுக்கும் கணக்குக்கும் ஒத்துவருவது திருக்கணிதம். வாக்கிய கரணத்துக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜன், பரமேஸ்வரனின் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜிக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில் வாங்கினார். அந்தக் காலத்துப் பாதைகளில் ஓலையைக் கொடுத்தனுப்பிச் சந்தேகம் தீர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். பின்னாளில் சென்னை வானாய்வுக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி என்பவர் வேலை பார்த்தார். பஞ்சாங்கம் கணிக்கும் வம்சத்தில் வந்தவர். ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தார். 1874-இல் சுக்கிரன் மறுபடி சூரியனைக் கடந்தபோது, லெ ஜாந்திக்குக் கிட்டாத காட்சியை நம் ஜனங்கள் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று தமிழிலும் பிற மொழிகளிலும் புத்தகம் போட்டார். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று 1880-இல் இறக்கும்வரை மன்றாடினார்.

இனி, பிசகுவது வாக்கியமா, திருக்கணிதமா என்று எப்படிச் சொல்வது? ராசிக்கு வானத்தில் வேலி கிடையாது. மகரம் இங்கே முடிந்தது, கும்பம் இங்கே ஆரம்பம் என்று எந்த நட்சத்திரத்திலும் பலகை தொங்கவில்லை. ஆகவே வேலியைப் பற்றி ஆயுசுக்கும் தர்க்கம் செய்யலாம். ஆனால் 2020-இல் வானமே வந்து சாட்சி சொன்னது.

அந்த வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி குருவும் சனியும் மிக நெருங்கி வந்தார்கள். இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் சந்திப்பது வழக்கம்; ஆனால் அவ்வளவு நெருக்கம் 1623-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இரண்டுக்கும் இடையில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. முழுநிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. அந்த வாரத்தில் ஒரு மாலை மேகம் விலகியபோது மேற்கே நானே பார்த்தேன். இரண்டு விளக்குகளை ஒரே மாடத்தில் ஏற்றிவைத்தது போலிருந்தது.

வாக்கியப்படி குரு நவம்பர் 15-ஆம் தேதியே மகரத்துக்குப் போயாகிவிட்டது. ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி நடந்தது. வாக்கியப்படியே சனி தனுசிலிருந்து மகரத்துக்கு வந்தது டிசம்பர் 27-ஆம் தேதிதான். தொற்றுக் காலத்துக் கட்டுப்பாடுகளோடு திருநள்ளாற்றில் அன்று பெயர்ச்சி நடந்தது. அப்படியானால் 21-ஆம் தேதி குரு ஒரு வீட்டில், சனி வேறு வீட்டில். ஏழெட்டுப் பாகை இடைவெளி. கையை நீட்டிப் பிடித்தால் நான்கு விரல் அகலம். வானத்திலோ ஒரு விரல் நகத்தின் கீழ் இரண்டும் மறைந்தன. வேலியை எங்கே போட்டாலும் இந்த வித்தியாசம் தீராது. ஒரே இடத்தில் இருக்கிற இருவரை ஒரு கணக்கு இரண்டு இடத்தில் வைக்கிறது என்றால், அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

ஏன் பிசகியது? கணித்தவர்கள் மேல் குற்றமில்லை. நாளொன்றுக்கு ஒரு கிரகம் எவ்வளவு நடக்கிறது என்பதில் மிகச் சிறு பிழை இருந்தாலும் நூற்றாண்டுகளில் அது வட்டிபோலக் குட்டி போடும். தவிர, குருவும் சனியும் ஒன்றையொன்று இழுத்து, ஒன்றைச் சற்றே வேகமாகவும் மற்றதைச் சற்றே தாமதமாகவும் ஓட வைக்கின்றன. சுமார் 900 வருஷத்தில் அந்த ஊசலாட்டம் ஒரு முறை போய் வரும். அதன் காரணத்தை 1785-இல் கண்டு சொன்னவர் அதே லாப்லாஸ்தான். இதையெல்லாம் ஏட்டுக்குள் இருந்துகொண்டு அறிய முடியாது. அவ்வப்போது வெளியே வந்து பார்த்துத் திருத்தினால் போதும்.

வான ஓடம் விடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 2013 நவம்பர் 5-ஆம் தேதி புறப்பட்ட மங்கள்யான் வைத்தீஸ்வரன் கோயில்காரரிடம் 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. வழியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பாதையைத் திருத்தினார்கள். திங்களூர்க்காரரிடம் 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சனிக்குப் போன காசினி 1997-இல் கிளம்பி, 2004-இல் சேர்ந்து, 13 வருஷம் அதைச் சுற்றிவிட்டு 2017 செப்டம்பர் 15-ஆம் தேதி அதிலேயே விழுந்து கலந்தது. அது சுமந்துபோன ஹைகன்ஸ், சனியின் பெரிய சந்திரனான டைட்டனில் 2005 ஜனவரி 14-ஆம் தேதி இறங்கியது. இங்கே அன்று பொங்கல். அங்கே மழை உண்டு, ஆறு உண்டு. ஓடுவது தண்ணீர் அல்ல, திரவ மீத்தேன். முதல் நாள் கணக்குப் போட்டதோடு பரணில் ஏறியிருந்தால் இவற்றில் ஒன்றும் போய்ச் சேர்ந்திராது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "அமெரிக்காக்காரனின் செயற்கைக்கோளே திருநள்ளாற்றுக்கு மேலே வந்தால் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாமே?" என்று கேட்பார். எனக்கும் பலர் அனுப்பியிருக்கிறார்கள். அது பொய். தாழப் பறக்கும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. திருநள்ளாற்றில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஓட்டம்தான் அதை விழாமல் காக்கிறது. நின்றால் கவணிலிருந்து நழுவிய கல்தான். அந்தத் தலத்துக்குப் பெருமை சேர்க்க இந்தப் பொய் தேவையே இல்லை.

அந்த வருஷம் ஆவணி கழிந்து மேகம் இல்லாத ஒரு ராத்திரி, நண்பர் ஒருவரின் சின்னத் தூரதர்சினியை அக்கா வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தினோம். பெண் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. வளையம் சற்றே சாய்ந்து, தட்டில் வைத்த முத்துப்போல் சனி நின்றது. பூமியைப் போல் ஒன்பது மடங்கு அகலம். ஆனால் அதை மிதக்கவிடப் போதுமான சமுத்திரம் இருந்தால் மிதக்கும், தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்று சொன்னேன். "நான் பொறந்தப்போ எங்கே இருந்தது மாமா?" என்றாள். ஏறக்குறைய இதே இடம். அவளுடைய வயதும் சனியின் ஒரு சுற்றும் ஒன்றுதான். அக்காவையும் கூப்பிட்டோம். பார்த்தாள். "இது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு. பாவம், இதைப் போய்..." என்று சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 20-ஆம் தேதி அக்காவின் பிடிவாதத்தால் மூன்று பேரும் திருநள்ளாறு போனோம். மாலை 5 மணி 20 நிமிஷத்துக்குப் பெயர்ச்சி. நளதீர்த்தத்தில் இறங்கி எழுந்தவர்களின் ஈரத் துணியையும் முகத்தையும் பார்த்தேன். கடன்பட்டவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைக்காதவர்கள், கல்யாணம் தள்ளிப் போனவர்கள். அவர்களுடைய கஷ்டம் பொய் இல்லை. ஆறுதல் தேடி வந்ததும் தவறில்லை. இருட்டியது. தென்மேற்கே மேகம் விலகிய இடத்தில் சனி நின்றுகொண்டிருந்தது. பத்து மணி வரை நின்றிருக்கும். அத்தனை கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. அந்தக் குளக்கரையில் ஒரு தூரதர்சினியை வைத்து, ஓர் ஆசிரியரையும் நிறுத்தினால் என்ன? சுவாமி தரிசனம் ஆனவர்கள் கிரக தரிசனமும் செய்துவிட்டுப் போகலாம். தனக்குத் தீங்கு செய்ததாக நினைப்பவனை ஒரு தடவை முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் அனுபவம்.

பெண்ணுக்கு 2024-இல் கல்யாணம் ஆயிற்று. பஞ்சாங்கம் பார்க்காமல் அல்ல. இரண்டையும் பார்த்து, இரண்டும் சண்டை போடாத ஒரு முகூர்த்தத்தில். அடுத்த வருஷம் மார்ச்சு 29-ஆம் தேதி திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது. வாக்கியப்படி 2026-இல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாற்றிலிருந்து அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீட்டுத் திண்ணையில் எத்தனை ஜாதகங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டனவோ!

குருவும் சனியும் அடுத்தபடி சந்திப்பது 2040-இல். அதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. அவ்வளவு நாள் இருப்பேனா என்று தெரிந்த ஜோசியர் ஒருவரைக் கேட்டேன். ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "தாராளமாக இருப்பீர்கள்" என்றார்.

எந்தப் பஞ்சாங்கப்படி என்று மட்டும் நான் கேட்கவில்லை.